பாதி மாத்திரை

என் மனைவிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. எனக்குப் பெரிய மச்சான், சின்ன மச்சான். இருவரும் சேர்ந்து ஒரு சலூன் நடத்துகிறார்கள். இருவருக்கும் கை நடுங்கும். அவர்கள் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அந்த நடுக்கம்தான். அதைச் சண்டையில்லாமல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

நான் கூட்டிச் சொல்லும் ஆள் இல்லை. பெரியவர் பவுடர் டப்பாவைப் பிடித்தால் போதும், குலுக்கவே வேண்டாம். சின்னவர் கத்தரியைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் மிச்சத்தைக் கத்தரி பார்த்துக்கொள்ளும். ஒரு கல்லூரிப் பையன் அங்கே வெட்டிக்கொண்டு போனான். தலை முழுக்கப் படிக்கட்டு. மறுநாள் அவன் வகுப்பே வந்து வாசலில் வரிசைகட்டி நின்றது.

சவரம் அப்படியில்லை. முடி மறுபடி வளரும், காது வளராது. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சவரத்துக்குக் கடைசிவரை வந்தவன் நான் ஒருவன்தான். அதுவும் வீரத்தால் இல்லை, வீட்டுக்காரிக்குப் பயந்து.

ஒரு நாள் பெரியவர் சொன்னார்: "கை நிக்கலேன்னா கடைய மூடிடலாம்டா."

சின்னவர் ஏற்கனவே துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு நாற்காலிகளைத் தவிர வேறு பிழைப்பு தெரியாத ஆட்கள்.

அந்தச் சமயத்தில்தான், பெரிய ஆஸ்பத்திரியில் கைநடுக்கத்துக்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பத்தான் மருந்து வேலை செய்யுதா, நம்பிக்கை வேலை செய்யுதான்னு பிரிச்சுப் பாக்க முடியும்."

"உங்களுக்கே தெரியாதாம்மா?" என்றார் பெரியவர், மிகுந்த இரக்கத்தோடு. "பரவாயில்ல, போகப்போகத் தெரிஞ்சுக்குவீங்க."

ஆளுக்கொரு காகிதத்தில் நத்தை ஓடு மாதிரி சுருள் கோடு வரையச் சொன்னார்கள். பெரியவர் வரைந்ததைப் பார்த்து, பக்கத்தில் இருந்தவர் அது எந்த மலைக்குப் போகிற பாதை என்று விசாரித்தார். ஒரு குவளைத் தண்ணீரை இன்னொரு குவளைக்கு ஊற்றச் சொன்னார்கள். சின்னவர் ஊற்றினார். நர்ஸ் போய் வேறு உடை மாற்றிக்கொண்டு வந்தாள். கடைசியில் ஆளுக்கொரு மாத்திரைப் புட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

"அண்ணே, உனக்கு மருந்து வந்து எனக்கு வெறும் மாவு வந்திருந்தா?" என்று சின்னவர் கேட்டிருக்கிறார்.

"அது எப்படிடா ஒருத்தன் திங்க ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கறது?"

அந்த வீட்டு வழக்கம் அப்படி. டீ வாங்கினால் ஒன்று, தம்ளர் இரண்டு. கடையில் கூட்டமில்லாத நேரத்தில் வருகிற ஒற்றைத் தலையையும் பங்கு போடாமல் விடமாட்டார்கள். வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் தம்பி. ஆகவே தினமும் இரண்டு புட்டியிலிருந்தும் ஒவ்வொரு மாத்திரை எடுத்து, இரண்டையும் பாதியாக வெட்டி, ஆளுக்கு இரண்டு பாதி. தம்பி மாத்திரையைப் பிடித்துக்கொள்ள, அண்ணன் சவரக் கத்தியால் வெட்டுவார். நடுங்குகிற கையால் எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு பேர் கையும் ஒரே தாளத்தில் ஆடும். கத்தி பிசகாமல் நடுவில் இறங்கும். தராசில் வைத்தாலும் குண்டூசி அளவு வித்தியாசம் வராது.

இரண்டு மாதத்தில் சுருள் கோடு சுருள் கோடாகவே வந்தது. நர்ஸ் அதே உடையோடு வீடு திரும்பினாள். சின்னவர் புதிதாக வந்த ஒருவருக்கு முழுச் சவரம் செய்து முடித்தார்; அந்த ஆள் இரண்டு காதோடும் எழுந்து போனார். கடையை மூடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். முகம் வாடியிருந்தது.

"ஐயா, ரத்தப் பரிசோதனை பண்ற எடத்துலேருந்து சொல்றாங்க. வெறும் மாத்திரை வாங்குன ஒருத்தர் ரத்தத்துல மருந்து இருக்காம். நிஜ மாத்திரை வாங்குன ஒருத்தர்கிட்ட இருக்க வேண்டியதுல பாதிதான் இருக்காம். ரெண்டு பேரும் ஒரே வீடாம். உங்க மாத்திரைய நீங்கதானே சாப்பிடணும்னு சொன்னேன்?"

"என் மாத்திரைய நானும்தாம்மா சாப்பிட்டேன்," என்றார் பெரியவர்.

டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். இப்படிக் கலந்துவிட்டால் ஆராய்ச்சி முடிவே பொய்யாகிவிடும், இருவரையும் நீக்கத்தான் வேண்டும் என்றார். நீக்கினால் மாத்திரையும் கிடையாது. மருந்துக்கடையில் இன்னும் விற்பனைக்கே வராத மருந்து.

"யாருக்கு நிஜ மருந்துன்னு இப்ப சொல்லலாமா?" என்று கேட்டார் சின்னவர்.

"இனிமே சொல்லலாம். உங்க அண்ணனுக்கு."

சின்னவர் தரையைப் பார்த்தார். "அப்ப நான்தான் அண்ணே உன் பங்கத் தின்னேன். நீ முழுசா சாப்பிட்டிருந்தா..."

"சாப்பிட்டிருந்தா என் கை நின்னிருக்கும். பக்கத்து நாற்காலியில உன் கை ஆடுறதப் பாத்தா மறுபடி ஆட ஆரம்பிச்சிருக்கும். சும்மா இருடா."

டாக்டரம்மா கதவுப் பக்கம் திரும்பினார். கதவுக்கு வெளியே, ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். இன்னொருவர் தொட்டிச் செடியிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தலை சுத்தல் இருந்துச்சா?"

"இல்லியேம்மா."

"தூக்கம்? தள்ளாட்டம்?"

"கத்தி பிடிக்கிறவங்க தள்ளாடலாமா?"

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "ரெண்டு பேர வச்சு எந்த முடிவுக்கும் வர முடியாது. ஆனா ஒரு கேள்வி கேக்கலாம். பாதி அளவே போதுமோ?" என்றார், பாதி தமக்குத்தாமே.

கேள்வி பல அறைகளுக்குப் போய், பல கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வர ஆறேழு மாதம் ஆனது. அதற்குள் நடுக்கமும் திரும்பி வந்துவிட்டது. கத்தியை உறைக்குள் போட்டுவிட்டு வெறும் முடிவெட்டோடு கடையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி அளவு மாத்திரைக்கென்று தனி ஆராய்ச்சி தொடங்கியதும் டாக்டரம்மாவே கூப்பிட்டார். இந்த முறை விதி புதிது: ஒரு வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே வகை. வந்தால் இருவருக்கும் மருந்து, இல்லையென்றால் இருவருக்கும் வெறும் மாத்திரை.

"வெறும் மாத்திரையா வந்துட்டா வருத்தப்படக் கூடாது," என்று எச்சரித்தார்.

"வரட்டும்மா," என்றார் பெரியவர். "சேந்து ஆடுவோம். ஒருத்தர ஒருத்தர் பாவம்னு பாக்க வேண்டாம் பாருங்க."

எது வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிந்தால்தான் சொல்வார்களாம். ஆனால் போன வாரம் பெரியவர் உறையிலிருந்து கத்தியை எடுத்தார். முதல் ஆளாக உட்கார என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? சின்னவர் துண்டைப் போர்த்திவிட்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கத்தி என் தொண்டைக்கு வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஏதோ நடுங்குகிறது.

"மச்சான், ஆடுதே," என்றேன் மெதுவாக.

"என் கை இல்ல மாப்ள. உங்க தொண்டை. எச்சில் முழுங்காம இருங்க."