குதிரை மேலிருந்த அப்பாவும் கறுப்புக் கல்யாணமும்

ஆரின் ரட் செத்து மூன்று வருஷம் ஆகியும் குதிரையை விட்டு இறங்கவில்லை. டெக்சாஸின் லோன்வெல் மேய்ச்சல்காரர்கள் வழக்கப்படி, அவருடைய சவ ஊர்வலத்தில் ஆளில்லாத குதிரை முன்னால் போயிற்று. போகிறவர் தன் நிலத்தைக் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, அவருடைய பூட்ஸை, சேணத்தில் கால் வைக்கும் அங்கவடிகளில் நுனி வாலைப் பார்த்திருக்கும்படி பின்புறமாக மாட்டியிருந்தார்கள். அடக்கம் முடிந்து சேணத்தைக் கழற்றப் போனால் வார் அவிழவில்லை. இருக்கைத் தோல் ஆள் உட்கார்ந்ததுபோல் அமுங்கிக் கிடந்தது. மாட்டுச் சந்தைத் தராசில் ஏற்றிப் பார்த்தார்கள். குதிரையோடு ஓர் ஆளின் எடையும் காட்டியது, அதுவும் ஆரின் உயிரோடு இருந்தபோது இருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாக. சாவு விருந்தில் கறி அப்படி, மனுஷர் என்ன செய்வார் என்றார் சந்தைக்காரர். அதற்கப்புறம் பிஸ்கட் என்கிற அந்தப் பழுப்புக் குதிரை தெருவில் வந்தால், ஊர்க்காரர்கள் தொப்பியைத் தொட்டு ஆரினுக்கு வணக்கம் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அவர் ஏன் இறங்கவில்லை என்பது மகள் டெல்ஃபியாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கறுப்பைத் தவிர வேறெதையும் உடுத்தாத பெண் அவள். மற்ற பெண்கள் மாடலழகிகளின் படங்களை ஒட்டிவைத்த இடத்தில் இவள் கல்லறைத் தேவதைகளை வரைந்து ஒட்டினாள். கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில்கூடக் கறுப்பு லேஸ் கையுறையோடுதான் வந்து நிற்பாள். ஊரே சிரித்தது, ஆரின் மட்டும் சிரிக்கவில்லை. "நீ சாக்கைச் சுத்திக்கிட்டு வந்தாலும் சரிடி, உன் கையைப் புடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டுப் போறவன் நான்தான்" என்று சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை விட்டு நகராத மனுஷர், குதிரையை விட்டு மட்டும் நகர்ந்துவிடுவாரா என்ன?

லாடம் அடிக்கிற கோல்பிக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமானதும், சர்ச்சுக்குள் குதிரை நுழையக்கூடாது என்று பாஸ்டர் ஹாலிஸ் கறாராகச் சொல்லிவிட்டார். அப்படியானால் அப்பாவின் குதிரைக் கொட்டகையில்தான் கல்யாணம் என்று டெல்ஃபியா ஒற்றைக் காலில் நின்றாள். பழைய லாடங்களைப் பற்றவைத்துக் கோல்பி ஆளுயர மெழுகுவத்திக் கம்பங்கள் செய்தான். இடிந்த சர்ச் ஒன்றிலிருந்து வாங்கிய மேலே கூராக முடியும் ஜன்னல்கள் வைக்கோல் பரணுக்கு ஏறின. எருமை மண்டையோடுகளின் கண்குழிகளில் ரத்தச் சிவப்பு ரோஜாக்கள் செருகப்பட்டன. உட்கார வைக்கோல் கட்டுகள், உடுத்தக் கறுப்பு லேஸ் கவுன், அதற்குக் கீழே சேறு பட்ட மாட்டுக்காரப் பூட்ஸ். கோல்பியின் அம்மா வெர்லீன் இதைக் கேள்விப்பட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தாள்.

"இது என்ன கல்யாணமா, சாவு ஊர்வலமா? வெள்ளை கவுனைப் போடு, சர்ச்சுக்கு வா, உன் சித்தப்பா கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வரட்டும்."

"எங்கப்பாவுக்கு ரெண்டுக்கும் ஒரே குதிரைதான், வெர்லீனம்மா."

"அப்ப நான் வரமாட்டேன். வந்தாலும் வெள்ளையிலதான் வருவேன். ஒருத்தியாவது ஒழுங்கா உடுத்தியிருந்தான்னு ஊரு சொல்லட்டும்."

"தாராளமா வாங்க. அத்தனை கறுப்புக்கு நடுவுல நீங்கதான் எடுப்பாத் தெரிவீங்க."

கோல்பி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். இன்னொரு மெழுகுவத்திக் கம்பத்தைச் செய்யப் போய்விட்டான். அவன் யார் பக்கம் என்பது வெர்லீனுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

கல்யாணத்தன்று வெர்லீன் சொன்னபடியே தலை முதல் கால் வரை வெள்ளையில் வந்து கடைசி வைக்கோல் கட்டில் உட்கார்ந்தாள். டெல்ஃபியா கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள். வாசலில் குதிரை நின்றுவிட்டது. பிடில்காரன் வாசித்ததையே வாசித்தான். சேணம் கிறீச்சிட்டது, ஆனால் பாரம் இறங்கவில்லை. "வந்துட்டேன்ப்பா, இறங்குங்க" என்றாள் டெல்ஃபியா. அப்போதும் இறங்கவில்லை. அடக்கத்தன்று கூட அழாதவள் அத்தனை பேர் முன்னால் விம்மி அழுதாள். வெர்லீனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றே கத்தினாள்: "அந்த மனுஷன் எப்படிடி இறங்குவாரு? மூணு வருஷமா வாலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு! நீ வந்து நிக்கிறதே அவருக்குத் தெரியாது!"

வேண்டுமென்றே குத்திக்காட்டத்தான் சொன்னாள். ஆனால் ஊரே திரும்பிப் பூட்ஸைப் பார்த்தது. தினமும் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தவர்களில் ஒருவருக்கும் அந்தப் பூட்ஸைத் திருப்பிவைக்கத் தோன்றவில்லை, பெற்ற மகளுக்கும்தான். அவள் கை அங்கவடிக்குப் போவதைப் பார்த்துப் பாஸ்டர் பதறினார். "தொடாதேம்மா! அதைத் திருப்பினா, செத்தவரைச் சாகலைன்னு சொல்ற மாதிரி. நம்ம வழக்கத்துலயே இல்லை."

"உங்க வழக்கத்துக்கு மூணு வருஷம் குடுத்தாச்சு, பாஸ்டர்" என்றாள் டெல்ஃபியா. குதிரையைச் சுற்றி வந்து, கவுன் சாணியில் புரளப் புரள, இரண்டு பூட்ஸையும் உருவி முன்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டினாள்.

இருக்கைத் தோல் மெல்ல மேலெழுந்தது. வலது பூட்ஸ் குதிரையின் முதுகைத் தாண்டி வந்து வைக்கோலில் ஊன்றியது, பின்னாலேயே இடதும். டெல்ஃபியா கையை நீட்டினாள். பூட்ஸோடு சேர்ந்து, அவசரமில்லாமல், கோல்பி நின்ற இடம் வரை நடந்தாள். இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று பாஸ்டர் கேட்டார், கேட்க வேண்டியது அவர் வேலையாயிற்றே. குதிகாலின் இரும்பு முள் கிணுகிணுக்க வலது பூட்ஸ் தரையை ஓங்கி மிதித்தது. பாஸ்டர் அடுத்த வாசகத்துக்குப் போனார்.

திரும்பிவந்த பூட்ஸ் இடம் தேடியது. வெர்லீன் பக்கத்தில்தான் இடமிருந்தது. அவள் வெள்ளைப் பாவாடையை ஒதுக்கிக்கொண்டாள். "உக்காருங்க, ஆரின். மிதிச்சிடாதீங்க, புதுசு." வெளியே சேணத்தின் வார் தானாக அவிழ்ந்து, பிஸ்கட் மூன்று வருஷத்துக்கப்புறம் நான்கு காலையும் தூக்கி மண்ணில் ஆசைதீரப் புரண்டது. எழுந்த புழுதி வெர்லீனின் பாவாடையில்தான் படிந்தது, அவள் தட்டிவிடவில்லை. விருந்தில் பூட்ஸுக்கு முன்னாலும் ஒரு தட்டு வைத்தார்கள். அது காலியானதும் டெல்ஃபியா எழுந்து போய் இரண்டாம் முறை கறி பரிமாறினாள்.