நிதானத்தின் இடது விளக்கு

வாடகைக் கார் கிளம்பிப் போன பிறகும் அதன் இடது விளக்கின் வெளிச்சம் போகாமல் தங்கிவிட்ட வாசல்கள் அந்த ஊரில் அப்போதே முப்பதுக்கு மேல் இருந்தன. பூட்டும் தாழ்ப்பாளும் தெரிகிற அளவுக்குக் கதவில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். மழை பெய்தால் கொஞ்சம் வெளுக்கும், காய்ந்ததும் பழையபடி ஆகிவிடும். கடைசித் தெருத் தையல்காரர் மெஷினை வாசலுக்கே இழுத்துப் போட்டு அந்த வெளிச்சத்தில் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் கதவுக்குப் புது பெயின்ட் அடித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் பெயின்ட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆனால் யாரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டால் கரண்ட் பில் வரும் என்ற பயம்தான்.

அதனால் வயரிங் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், தன் வீட்டுக்காரர் ஓட்டும் வாடகைக் காரில் இடது பக்க பல்ப் மட்டும் ஒரு வாரம் தாண்டுவதில்லை என்பதுதான். ஊரில் எந்த வண்டியில் எந்த விளக்கு எரியாவிட்டாலும் அவர் கடைக்குத்தான் வரும். அப்பேர்ப்பட்டவர் வீட்டு வண்டியே ஒற்றைக் கண்ணோடு ஊர் சுற்றினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஊருக்குத்தான் உபதேசமா அக்கா?" என்று பக்கத்து பஞ்சர் கடைக்காரர் ஒரு நாள் கேட்டேவிட்டார். அக்கா ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிக் காட்டியதும் டயர் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டார்.

வீட்டுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். டீயைக் கையில் கொடுத்தால் அது ஆறி ஆடை கட்டிய பிறகுதான் குடிப்பார். கல்யாணத்துக்கு முன்னால், அக்காவைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல வந்தவர், சொல்ல வாய் வராமல் இரண்டு வருடம் நன்றாக அடிக்கிற ஹாரனையே ரிப்பேர் என்று கொண்டுவந்துகொண்டிருந்தார். கடைசியில் அக்காதான், "ஹாரன் நல்லாத்தான் இருக்கு, நீங்க விஷயத்தைச் சொல்லுங்க" என்று முடித்துவைத்தார்.

பல்ப் விஷயத்தில் அக்கா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. விரல் பட்டால் அந்த எண்ணெய்ப் பிசுக்கிலேயே கண்ணாடி சூடேறிப் போய்விடும் என்று துணியால் பிடித்து மாட்டினார். சார்ஜ் அதிகமாக ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. எர்த் வயரைச் சுரண்டி இறுக்கினார், ஹோல்டரை மாற்றினார், தண்ணீர் இறங்குகிறதா என்று குழாயைப் பிடித்து அடித்துப் பார்த்தார். வலது பல்பை இடப்பக்கத்துக்கும் இடதை வலப்பக்கத்துக்கும் மாற்றினார். வலப்பக்கம் வருடக்கணக்காக எரிந்தது இடப்பக்கத்துக்கு வந்த நாலாம் நாள் படுத்துவிட்டது. செத்த பல்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் அக்காவுக்குத் திக்கென்றது. ஒன்றிலும் கண்ணாடி கருக்கவில்லை, ஒன்றிலும் இழை அறவில்லை. அவை எரிந்து போனவை அல்ல. எண்ணெய் தீர்ந்த சீசா போலக் காலியானவை.

மறுநாள் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு அக்கா காரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். டியூட்டி முடிந்த நர்ஸ் ஒருத்தி பின்னால் ஏறினாள். அவள் வீட்டு வாசலில் இறங்கி, காசு கொடுத்து, போய்வருகிறேன் என்று சொல்லியும் ஆயிற்று. கார் நகரவில்லை. நிதானம் வண்டியைச் சற்றுத் திருப்பி, ஓரம் பார்த்து அடிக்கும் இடது விளக்கைக் கதவின் பூட்டில் நிறுத்தினார். அவள் பைக்குள் சாவி தேடினாள், திறந்தாள், உள்ளே போனாள், சுவிட்சைப் போட்டாள். அதற்குப் பிறகும் அவர், தன் வீட்டு ஆள் உள்ளே போனது போல, கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார் பின்வாங்கியது. வெளிச்சம் அதோடு வரவில்லை. கதவிலேயே நின்றுவிட்டது. 'டிக்' என்று இடது பல்ப் அணைந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா வெளிச்சம் தங்கிய வாசல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றும் வீட்டுக்காரர் காத்து நின்ற இடம். தங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் கும்மிருட்டு. பல்ப் போன கோபம் அக்காவுக்குச் சுத்தமாக இல்லை. வேறு ஒன்று நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதை விழுங்கிவிட்டு, "இனிமே இறக்கிவிட்டதும் கிளம்பிடுங்க. பல்ப் தாங்காது" என்று மட்டும் சொன்னார். "சரிம்மா" என்றார் அவர்.

சொன்னபடியே செய்தார். பல்ப் தாங்கியது. பஞ்சர் கடைக்காரருக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று. ஆனால் அந்த அவசரம் மனிதரின் உடம்பில் ஏறிக்கொண்டது. டீயைச் சுடச்சுட வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டார். ஷேவ் செய்து முகமெல்லாம் வெட்டு. கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொன்னார், அதுவும் வேறு கேள்விக்கு. யாரோ தெரியாத ஆளோடு குடித்தனம் நடத்துவது போல அக்காவுக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நர்ஸ் கடைக்கு வந்தாள்.

"அண்ணனுக்கு எம்மேல எதாவது கோவமாக்கா?"

"ஏம்மா?"

"இறக்கிவிட்டதும் போயிடறாரு. வாசல்ல வெளிச்சம் இருக்கு, பூட்டெல்லாம் நல்லாத்தான் தெரியுது. ஆனா பின்னாடி யாரும் நிக்கலையே."

அன்று சாயங்காலம் நிதானம் அக்காவைக் கடையிலிருந்து காரில் அழைத்துவந்தார். விளக்கை அணைத்து, இறங்கி, சாவியோடு முன்னால் நடந்தவரை அக்கா இருட்டில் நிறுத்தினார்.

"ஊர்ல அத்தனை பேருக்கும் நின்னீங்க. நம்ம வாசலப் பாருங்க. எனக்காக ஒரு நாளாவது நின்னிருக்கீங்களா?"

நிதானம் யோசித்தார். அவசரம் பிடித்த அந்த மாதத்தில் அவர் முதல்முறையாக நேரம் எடுத்துக்கொண்டு யோசித்தார். தெருமுனையில் ஒரு லாரி வந்து, திரும்ப முடியாமல் திரும்பி, போயும் விட்டது.

"உன்ன இறக்கிவிட்டுட்டு நான் எங்கம்மா போறேன்? கூடவே உள்ள வர்றேனே."

கல்யாணமான நாளிலிருந்து தினமும் நடப்பதுதான். அவர் சாவித் துளையைத் தடவுவார், இருட்டில் அக்கா அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கதவு திறந்ததும் இருவருமாக உள்ளே போவார்கள். காத்திருப்பதற்கு அங்கே இடமே இருந்ததில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்தார்.

"நாளைலேருந்து அந்தப் பொண்ணு உள்ள போற வரைக்கும் நில்லுங்க. பல்ப் நான் பாத்துக்கறேன்."

அதன் பிறகு அக்கா இடது பல்புகளைப் பெட்டிக்கணக்கில் வாங்கினார். டீ மறுபடி ஆடை கட்டியது. வாசல்கள் நூறைத் தாண்டின, சில தெருக்களில் தெருவிளக்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார்கள். ஒரு வருடம் வண்டிச் சோதனையின்போது, அதிகாரி எழுதி முடிக்கும்வரை நிதானம் பொறுமையாக நின்றதில், விளக்கை அடித்துப் பார்க்கும் சோதனைச் சுவரிலேயே வெளிச்சம் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் இடது விளக்கு சரியில்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பஞ்சர் கடைக்காரர் மட்டும், "உங்க வாசல்ல ஒரு பல்ப் போட்டா என்னக்கா?" என்று அவ்வப்போது கேட்பார். அக்கா சிரித்துக்கொண்டே வேலையைப் பார்ப்பார்.

வயரிங் அக்கா வீடு எது என்று கேட்டு வருகிறவர்களுக்கு ஊரில் வழி சொல்வது சுலபமாகிவிட்டது. "நேரா போங்க. வெளிச்சமே இல்லாம ஒரு கதவு வரும். அதைத் தட்டுங்க."