இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே

அன்று மதியம் என் மனைவி கடைசியாகச் செய்த வேலை, ஒரு தோல்வாரில் ஓட்டை போட்டது. லாயத்து வாசலில் ஒரு மரக்கட்டையைப் போட்டு, அதன்மேல் வாரை நீட்டிவைத்து, குத்தூசியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். குதிரைமேல் உட்காருகிறவர் பாதத்தை நுழைத்துக்கொள்ளும் இரும்பு வளையத்தை அங்கவடி என்பார்கள்; அது தொங்குகிற வார் அது. சின்ன வயதில் மதிலிலிருந்து விழுந்து முறிந்து கூடிய என் இடது கால், வலது காலைவிட ஒரு விரல் கட்டை. வாரிலிருந்த ஓட்டைகளில் ஒன்றில் மாட்டினால் பாதம் எட்டவில்லை; அடுத்ததில் மாட்டினால் முழங்கால் வயிற்றுக்கு வந்தது.

"எல்லாருக்கும் சட்டைக்குத்தான் அளவெடுப்பாங்க. உங்களுக்குக் குதிரைக்கே அளவெடுக்கணும் போல," என்றாள்.

ஊசி சற்று விலகி, ஓட்டை கோணலாக விழுந்தது. அதைச் சொன்னேன்.

"இருந்துட்டுப் போகட்டும். காலும் அப்படித்தானே இருக்கு." வாரைச் சேணத்தில் மாட்டிவிட்டு நிமிர்ந்தாள். "போய்க் கை கழுவிட்டு வாங்க. இந்த வாசனையோட கடைக்குப் போனீங்கன்னா, வர்றவங்க கண்ணாடி போடாமலே ஓடிடுவாங்க."

நான் குழாயடிக்குப் போனேன். பக்கத்து மனையில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து தகரங்கள் மொத்தமாகச் சரிந்த சத்தம் கேட்டது. உடனே கல் தரையில் குளம்புகள் வழுக்கிய சத்தம். அப்புறம் குழாய் ஓடுகிற சத்தம் மட்டும். பிறகு யாரோ கத்தினார்கள். அது நான்தான் என்று பின்னால் சொன்னார்கள்.

குளம்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டக் குனிந்திருந்திருக்கிறாள். மிரண்டு துள்ளிய குதிரை தோளால் இடித்ததில், தண்ணீர்த் தொட்டியின் கல் விளிம்பில் தலை பட்டுவிட்டது. அந்த லாயத்திலேயே பரம சாதுவான சாம்பல்நிறக் குதிரை அது. பாரம் ஏற்றியதுபோல் அசைந்து அசைந்து நடப்பதால் மூட்டை என்று பெயர். முதன்முதலாகச் சவாரி பழக வருகிறவர்களையெல்லாம் அதன்மேல்தான் உட்காரவைப்பார்கள்.

என் மனைவி அங்கே பல வருடங்களாகச் சாணம் அள்ளி, புல் போட்டு, சேணங்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள். ஒரு அறக்கட்டளை, லாயங்களில் ஏற்கெனவே வேலை செய்கிற பெண்களைத் தேர்ந்தெடுத்துச் சவாரி ஆசிரியர்களாக்கப் பயிற்சி கொடுக்க முன்வந்தது. பயிற்சிக் கட்டணம், காலணி, தலைக்கவசம், பயிற்சிக் காலத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை, தேறினால் அதே லாயத்தில் ஆசிரியர் வேலை. அவளைத்தான் முதலில் எடுத்தார்கள். கடைசித் தேர்வுக்கு ஒரு விதி இருந்தது. குதிரை ஏறப் பழகாத ஒருவரை அழைத்துவந்து, தேர்வாளர் கண்ணெதிரில் அவருக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். "தைரியசாலியைக் கூட்டிட்டு வராதீங்க. அவங்களுக்கு நீங்க தேவையே இல்ல. நிஜமா பயப்படறவங்களா கூட்டிட்டு வாங்க," என்று பயிற்சியாளர் மேடம் சொல்லியிருந்தார்.

"அதுக்கா பஞ்சம்? வீட்டுலயே ஒருத்தரை வெச்சிருக்கேன் மேடம்," என்றாளாம் இவள்.

அது உண்மைதான். நான் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிறவன். மின்தூக்கியில் ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து அவருக்குப் பதில் நான் பிரேக் மிதிப்பேன். மூட்டையின்மேல் உட்கார்ந்த முதல் நாள் கண்ணைத் திறக்கவே இல்லை. நீளக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மணல் வட்டத்தின் நடுவில் நின்றவள், "வீட்டுல குரல் மட்டும் நல்லா பெருசா வருது, இங்க மூச்சே காணோமே? மூச்சு விடுங்க சாமி, குதிரைக்கு சந்தேகம் வருது," என்று சிரித்தாள். வட்டத்தை ஒரு சுற்று நடந்து முடிக்கும்வரை என்னோடு பேசிக்கொண்டே இருந்தாள். என்ன பேசினாள் என்பது நினைவில் இல்லை. பேசிக்கொண்டிருந்தாள் என்பது இருக்கிறது.

காரியங்களெல்லாம் முடிந்து வீடு அடங்கியபின் மேடம் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அறக்கட்டளை அந்த இடத்தை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உங்க பொண்ணு அதைக் கேட்டு வந்தா சார். லாயத்து வேலை தெரிஞ்சவங்கிறதால அவங்களும் சரின்னுட்டாங்க," என்றார்.

மகள் அப்போது ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே விடுமுறை நாட்களில் அம்மாவோடு லாயத்தில் கிடந்தவள். சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். நான் பேசுவதற்கு முன் என் மைத்துனர் பேசினார்.

"ஒரு உயிர் போனது பத்தாதா? சம்பளம் கொடுத்து ஆளைச் சாகடிக்கிறதுக்கு ஒரு அறக்கட்டளை! மாப்ள, நீங்க என்ன பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கீங்க? வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சின்னப் பொண்ணு இல்ல மாமா," என்றாள் மகள். "அப்பாகிட்ட அனுமதி கேக்கல. சொல்லிட்டுப் போறேன்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாயைத் திறந்தால் வேறு சத்தம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அதற்குப் பிறகான மாதங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. எல்லாம் ஒரே நாள்தான். அவள் காலையில் காலணியை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அடிவயிற்றில் ஒரு கை நுழையும். திரும்பிவந்து வாசலில் காலணியைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டபின்தான் அந்தக் கை பிடியை விடும். இடைப்பட்ட பொழுதில் நான் கடையில் இருப்பேன். தேய்க்கும் சக்கரத்தில் வில்லையை வைத்துவிட்டு, தெருவில் எங்காவது தகரம் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். முதலாளி ஒருமுறை, "என்னப்பா, வர வர ஊருக்கே பவரை மாத்தி வெச்சிடுவ போலிருக்கே," என்றார். கைபேசி அதிர்ந்தால் எடுக்கப் பயம். அதிராவிட்டால் அதைவிடப் பயம். யாராவது தட்டை மேசையில் கொஞ்சம் அழுத்தி வைத்தாலே உடம்பு தூக்கிப்போட்டது. அவள் எந்தக் குதிரையில் பழகுகிறாள் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் சட்டையில் ஒட்டிவந்த சாம்பல்நிற முடியைத் துவைக்கும்போது பார்த்தேன். லாயத்தில் சாம்பல்நிறக் குதிரை ஒன்றுதான்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "தேர்வு வருதுப்பா," என்றாள்.

"ம்."

"ஆள் வேணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. தட்டையே பார்த்துக்கொண்டு, "மருந்துக் கடையில உன்கூட வேலை பார்த்த பொண்ணு இருக்காளே," என்றேன்.

"அவ வருவா. பயப்படற மாதிரி நல்லா நடிப்பா. செல்ஃபி எடுப்பா."

"என்னால முடியாதும்மா. அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூட என்னால முடியாது. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. "நான் வாசல்ல காலணி கழட்டுறப்ப நீங்க உள்ள மூச்சு விடுறது எனக்குக் கேக்குதுப்பா. தினமும் கேக்குது. நீங்க இங்க உக்காந்து பயந்தா, அதுக்கு என்னால என்ன பண்ண முடியும்? அங்க வந்து பயப்படுங்க. குதிரைமேல ஒருத்தர் பயந்தா என்ன செய்யணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க."

எழுந்து கை கழுவினேன். குழாய் ஓடுகிற சத்தம் கேட்டதும் சட்டென்று மூடிவிட்டேன்.

தேர்வன்று காலையில் லாயத்துக் கதவைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்த் தொட்டி. அதே இடத்தில், அதே விளிம்போடு இருந்தது. ஒரு குருவி விளிம்பில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து மனையில் கட்டடம் முடிந்து, மாடியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். ஈரத் துணியை ஒருமுறை உதறினார்கள். நான் நின்றுவிட்டேன். மேடம் வந்து என் பக்கத்தில் நின்று, நான் நடக்கும்வரை காத்திருந்தார்.

மணல் வட்டத்தின் ஓரத்தில் குடைக்குக் கீழே தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். எங்கள் கதை தெரியாத வெளியூர்க்காரர். மகள் மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதன் முகத்தில் நரை ஏறியிருந்தது. என்னைப் பார்த்து மூக்கை விரித்தது. எனக்கு அதன்மேல் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். இருந்த பயத்தில் கோபத்துக்கு இடமில்லை.

"வணக்கம் சார்," என்றாள் மகள். தேர்வில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். "முதல்ல அது கழுத்துல கை வைங்க. அவசரமில்ல. பயமா இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. எங்க இருக்குன்னு சொல்லுங்க."

"வயித்துல."

"அங்கயே இருக்கட்டும். கை மட்டும் என்கூட வரட்டும்."

என் கையைப் பிடித்து அதன் கழுத்தில் வைத்தாள். குளிர்ந்திருந்தது அவள் கைதான். அதை நான் உணர்ந்தது அவளுக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் தேர்வாளரைப் பார்க்கவில்லை.

ஏறும் படிமேல் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கீழே சூடாக ஒரு உடம்பு மூச்சு விட்டது. தரை எங்கோ போய்விட்டது. வலது பாதம் அங்கவடியில் சரியாக உட்கார்ந்தது. இடது பாதத்தின் நுனி மட்டும் இரும்பைத் தடவிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை. அவள் இந்தப் பக்கம் வந்து என் காலைப் பார்த்தாள், பிறகு வாரைப் பார்த்தாள். அடுத்த ஓட்டையில் மாட்டினாள், முழங்கால் தூக்கிக்கொண்டது. அவள் விரல்கள் வாரின்மேல் மெதுவாக இறங்கி, ஓரிடத்தில் நின்றன.

"இத யாரோ தப்பா குத்திட்டாங்கன்னு எல்லாரும் திட்டிட்டே இருந்தோம்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அதைச் சொல்லும்போது சார் போடவில்லை.

கொக்கியின் முள்ளை அதில் நுழைத்து இறுக்கினாள். சற்று நேரம் வாரை விடாமல் பிடித்திருந்தாள். பிறகு பின்னால் நடந்துபோய் வட்டத்தின் நடுவில், நீளக் கயிற்றின் மறுமுனையில் நின்றாள்.

"மூச்சு விடுங்க சார்," என்றாள்.

மூட்டை முதல் அடி எடுத்துவைத்தது. நான் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தேன். வரிசையாக இருந்த ஓட்டைகளில் இரண்டுக்கு நடுவே, கொஞ்சம் கோணலாக, அது அப்படியே இருந்தது.