திருப்பிப் போட்ட ஃபேன்

"மூடு மூடு, அப்பா முழிச்சிட்டார்" என்று அவள் மகளிடம் கிசுகிசுத்தாள்.

மகள் சுவரில் சாய்த்துவைத்திருந்த கண்ணாடிக் கதவை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தாள். அது டப்பென்று ஒட்டிக்கொண்டது. பிறகு பெட்டியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைக் காலாலேயே கட்டில் பக்கம் திருப்பினாள். அம்மாவும் மகளும் பதினைந்து நாளாக நடத்தும் நாடகம். அடி பிசகாமல் வந்தது.

கட்டிலில் கிடந்தவர் கண்ணைத் திறந்து முதலில் பெட்டியைத்தான் பார்த்தார். அதற்கப்புறம்தான் மனைவியை.

"ஓடுதா?"

"ஓடுதுங்க."

ஏசி மெக்கானிக் அவர். கூட வேலை செய்தவர்களுக்குக் 'கூலிங்'. நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்து நாலு மாதம் ஆகிறது. மகளின் கம்ப்யூட்டர் சூடேறிச் சூடேறி அணைந்துபோகிறது என்று கேள்விப்பட்டதும், "கூலிங் வீட்லயே கூலிங் இல்லையா? கொண்டு வாடி அதை" என்று மடியில் வாங்கிவைத்துக்கொண்டார். அழுக்குக் கறுப்பில் இருந்த தகரப் பெட்டி அது. முன்பக்கம் தேன்கூடு மாதிரி துளைகள் போட்டார். ஒருநாளைக்குப் பத்துத் துளைக்கு மேல் கை ஓடாது. பக்கவாட்டுத் தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார். அதைச் சுற்றிப் பழைய ஃப்ரிட்ஜ் கதவின் காந்த ரப்பரை ஒட்டினார். மேல்தகட்டில் வட்டம் வரைந்து கொடுக்க, அவருடைய நண்பன் வெல்டர் அதை வெட்டிக் கொண்டுவந்தான். தையல்காரியான அவள் ஒவ்வொரு வயருக்கும் கறுப்புத் துணியில் உறை தைத்தாள். மை நீலத்தில் பெயின்ட் அடித்து, உள்ளே விளக்குப் போட்டு நிறுத்தியபோது, பார்க்க வந்தவர்கள் நோயாளியை விட்டுவிட்டுப் பெட்டியை நலம் விசாரித்தார்கள்.

ஆனால் கதவை மூடி ஓட்டினால் இருபதாவது நிமிடத்தில் அணைந்தது.

காரணத்தை மகள் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். ஏசி என்றால் மேலேயிருந்து குளிர்ந்த காற்றைக் கீழே தள்ள வேண்டும். முப்பது வருடம் அப்படியே மாட்டிப் பழகிய கை, பெட்டியின் மேல் ஃபேனையும் கீழ்நோக்கி ஊதும்படி மாட்டிவிட்டது. முன்னால் இருந்த இரண்டு ஃபேன்களும் உள்ளேதான் ஊதின. சூடு வெளியேற வழியே இல்லை.

"சொல்லிடாதம்மா. இது அவரோட கடைசி வேலை" என்றாள் மகள். அவளும் தலையாட்டினாள். அவர் தூங்கும்போது கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைக் காட்டுவது, விழித்தால் மூடிவிடுவது என்று இத்தனை நாள் ஓட்டியாயிற்று.

இன்றைக்கு அது நடக்காது. அவர் விழித்த சற்று நேரத்தில் வந்த நர்ஸ் வாசலில் அவளைத் தனியாக அழைத்து, "இன்னைக்கு யாரும் வெளியே போகாதீங்கம்மா. ஃபேனை அவர் முகத்துக்கே வைங்க. மூச்சுக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வீட்டில் இருந்தது ஒரே டேபிள் ஃபேன்.

மகளுக்கும் வேறு நாள் இல்லை. குழந்தைகள் ஆஸ்பத்திரியின் வரவேற்பறைத் திரைக்காகத் திமிங்கிலக் குட்டி ஒன்று நீந்தும் இரண்டு நிமிடப் படம். அவள் பெயரில் வந்த முதல் வேலை. வரைந்தெல்லாம் முடித்துவிட்டாள். ஒவ்வொரு காட்சியையும் கம்ப்யூட்டர் தானே கணக்கிட்டு முழுப்படமாக்க ஏழு மணி நேரம் பிடிக்கும். இன்று இரவு எட்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். இப்போது மணி பத்தரை.

மகள் அப்பாவையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபேனைத் தொடவில்லை.

சற்று நேரத்தில் திரை இருண்டது. பெட்டியின் உள்விளக்கும் போனது.

"நின்னுடுச்சு" என்றார் அவர்.

"கரண்ட் போயிடுச்சுப்பா."

"கரண்ட் போச்சுன்னா என் மேல எப்படிம்மா காத்து வருது?"

மகளின் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துபோய்த் தையல் மெஷினிலிருந்து ஒரு முழம் வெள்ளை நூலை அறுத்துக்கொண்டு வந்தாள். பெட்டியை மறுபடி ஓடவிட்டு, அவருக்குத் தெரியும்படி மேல் ஃபேனுக்கு நேராக நூலைப் பிடித்தாள். நூல் விறைத்துக்கொண்டு கீழே போய்க் கம்பிவலையில் ஒட்டியது.

"அம்மா!" என்றாள் மகள்.

அவர் நூலையே பார்த்தார்.

"உள்ள இழுக்குது."

"ஆமாங்க."

"முன்னாடி?"

"அங்கயும் உள்ளதான்."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பயந்து குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபின்னும் கண்ணில் மிச்சம் இருந்தது.

"மூணும் உள்ள ஊதினா சூடு எங்கடி போகும்? வேற எவனாவது இப்படி மாட்டியிருந்தா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சிருப்பேனே. எத்தனை நாளா தெரியும்?"

"பதினஞ்சு நாளா" என்றாள். "உங்க மனசு கஷ்டப்படுமேன்னு..."

"மனசு கிடக்கட்டும். வேலை தப்பா இருக்கு. ஸ்க்ரூ டிரைவரை எடு. பாப்பா பெட்டியை அணைக்கட்டும், நீ பண்ணு டெய்லரம்மா."

"நானா? நான் பிளவுஸ் தைக்கிறவ."

"கையை மாத்தி வச்சுத் தைச்சுட்டா பிரிச்சுத் தைக்க மாட்டியா? அதே வேலைதான்."

"நான் என்னைக்குங்க கையை மாத்தித் தைச்சேன்?"

"என் கல்யாணச் சட்டை."

அவள் நிமிர்ந்தாள். "என்ன சொல்றீங்க?"

"இடது கையை வலது பக்கம் வச்சுத் தைச்சிருந்தே. அன்னைக்கு முழுக்கத் தோளைத் தூக்க முடியல. வந்தவன் எல்லாம் மாப்பிள்ளை ரொம்ப அடக்கம்னான்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"'நானே தைச்சேன்'னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டு நின்னே. எப்படிச் சொல்ல?"

முப்பத்தொரு வருடம் மூடிவைத்திருக்கிறார் மனுஷன். அவள் ஸ்க்ரூவைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். நாலு ஸ்க்ரூ. மூன்றாவது முரண்டு பிடித்தது. "அழுத்திட்டுத் திருப்பு, கெஞ்சாதே" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. ஃபேனைக் கவிழ்த்துப் பொருத்தி, வயரைச் செருகி முடித்தபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது.

கண்ணாடிக் கதவு டப்பென்று மூடியது. பெட்டி உறுமி எழுந்தது. மகள் முழுப்படமாக்கும் வேலையைத் தொடங்கிவைத்தாள்.

"எழுபத்தெட்டு" என்று திரையில் சூட்டைப் படித்தாள் மகள். "எண்பத்தொண்ணு. எண்பத்திரெண்டு."

"ஏறட்டும். வாயை வைக்காதே."

"எண்பத்திரெண்டேதான்பா. எண்பது. எழுபத்தாறு!"

பதினெட்டாவது நிமிடம் மூவரும் திரையையே பார்த்தார்கள். பத்தொன்பது. இருபது. இருபத்தைந்தாவது நிமிடத்தில் மகள், "அறுபத்தாறுப்பா! மூடி வச்சே அறுபத்தாறு!" என்று கத்தி, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்னை அங்க தள்ளுங்க" என்றார் அவர்.

இருவருமாகக் கட்டிலைப் பெட்டியோடு ஒட்டி இழுத்தார்கள். அவள் அவருடைய கையைத் தூக்கி மேல்தகட்டின் மீது பிடித்தாள். வெதுவெதுவென்று காற்று அவர் விரல்களுக்கிடையே மேலேறி வந்தது.

"வருது" என்றார். "நல்லா வருது."

மத்தியானம் வெல்டர் வந்து எட்டிப் பார்த்தான். "என்ன கூலிங், ஓட்டையை நான் ஒழுங்காத்தானே வெட்டினேன்?"

"ஓட்டை சரிடா. மாட்டினவன்தான் தப்பு. திருத்தினது என் வீட்டுக்காரி. எல்லார்கிட்டயும் சொல்லு."

"இந்த வீட்ல யாரு மெக்கானிக்குன்னு எனக்கு அப்பவே சந்தேகம்" என்றான் வெல்டர். படியிறங்கிப் போகும்போதுதான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு அவர் கண்ணைத் திறக்காமலே, "எவ்வளவு?" என்றார்.

"அறுபத்தஞ்சுப்பா."

"வேலை?"

"பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சு. குட்டி மேல வந்து மூச்சு விடுற இடம் ஓடுது. பாக்குறீங்களா?"

அவர் பார்த்தார். நீலத்துக்குள்ளிருந்து மூக்கை நீட்டிக்கொண்டு குட்டி எழும்பியது. "ஜோரா இருக்கு" என்றார். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தேகாலுக்கு அவள் ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்தாள். உதடு நீரை வாங்கவில்லை. நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். வைத்தபடியே இருந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகள் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அப்பாவின் காலடியில் முகம் புதைத்துக்கொண்டாள். அவள் எழுந்து டேபிள் ஃபேனை நிறுத்தினாள்.

அடுத்த தெருவிலிருந்து அவருடைய அக்கா அழுதுகொண்டே வந்தாள். பின்னாலேயே நாலைந்து பேர். கட்டிலைச் சுற்றி இடம் போதவில்லை. தம்பியின் தலையைத் தடவிக்கொடுத்த அக்கா, பக்கத்தில் நீல வெளிச்சத்தோடு உறுமிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"யாராவது அந்த மெஷினை நிறுத்துங்களேன். இந்த நேரத்துல எதுக்கு இது?"

யாரோ ஒருவர் சுவர்ப்பக்கம் நகர்ந்தார்.

"ஓடட்டும் அண்ணி" என்றாள் அவள். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

மகளின் நாற்காலியை இழுத்துப்போய், சுவரில் சுவிட்ச் இருந்த இடத்துக்கு முன்னால் போட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவிட்ச் முழுக்க மறையும்படி முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தாள்.