பெயர் சொல்லாத மெட்டு

ஜெர்மனியின் லைப்சிக் நகரில், சாவையும் சோகத்தையும் பாடும் ஓர் இருட்டிசைக் குழுவில் புது மெட்டுகளை யாருடையது என்று சொல்லாமல்தான் ஒலிக்கவிடுவார்கள். ஒருவர் மறுத்தாலும் அந்த மெட்டு குப்பைக்குத்தான்.

மூன்றாவது மெட்டில் சின்தசைசர் கோயில் மணியாக முழங்கியது. கெரியோனுக்கு வயிறு எரிந்தது. இருபது வருடமாக இங்கே மெட்டுப் போடுகிறவன் அவன். இது போன மாதம் சேர்ந்த லென்னார்ட்டுடையதாகத்தான் இருக்கும். அவனுக்கு இப்படி வருகிறதே!

"பொணத்துக்குத் தாலாட்டுப் பாடுற மாதிரி இருக்கு. வேண்டாம்," என்றான் கெரியோன்.

"நம்ம ரசிகருங்க அதுக்குத்தானேய்யா கறுப்புச் சட்டையோட வர்றாங்க?" என்றாள் பாடகி வீப்கே.

"வேண்டாம்னா வேண்டாம்."

அவள் பட்டியலில் அதை அடித்தாள். "சரி. இது நம்ம முதல் வருஷம் நீ போட்டு, மறந்துபோன மெட்டு. உன் பழைய கேசட்டுல இருந்துச்சு."

லென்னார்ட் பெருமூச்சு விட்டான். "நல்லவேளைண்ணே, நீங்க முந்திக்கிட்டீங்க. இல்லேன்னா பொறாமையில நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."