இடது கால் ஸ்கேட்

இறந்து கிடந்த ஹிஸ்கேவின் இடது காலுக்குக் காலுறை சரியாக உட்காரவில்லை. பௌக்யே இரண்டு முறை இழுத்துவிட்டுப் பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் இல்லாத பாதம் அது. அந்தப் பக்கம் கம்பளித் துணி வெறுமனே தொங்கியது. ஹிஸ்கே உயிரோடு இருந்தவரை அந்த இடத்தில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்வாள் என்பது பக்கத்து வீட்டு ஆன்ட்யேவுக்குத் தெரிந்திருந்தது. கூடப்பிறந்த தங்கை பௌக்யேவுக்குத் தெரியவில்லை.

"தள்ளுங்கத்தை, நான் பாத்துக்கறேன்" என்று ஆன்ட்யே பஞ்சைத் திரட்டி உள்ளே செருகினாள்.

நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் அந்த ஊர்ப்பக்கம், இறந்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்துவது அக்கம்பக்கத்தார் வேலை. சொந்தக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து அழலாம், காபி குடிக்கலாம், குறுக்கே வரக்கூடாது. அந்த இடது காலை மட்டும் நான்தான் பார்ப்பேன் என்று பௌக்யே அடம்பிடித்து வாங்கியிருந்தாள். வாங்கியபின் அதைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சர்ச்ல நீங்கதானே பேசணும்? ரேஸ் கதையைச் சொல்லுங்கத்தை. எங்க பிள்ளைங்களுக்கு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ம்."

அந்தக் கதை தெரியாதவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஐம்பது குளிர்காலங்களுக்கு முன் ஏரிகளெல்லாம் உறைந்து கிடந்தபோது பெண்களுக்கு எண்பது கிலோமீட்டர் ஸ்கேட்டிங் பந்தயம் வைத்தார்கள். எழுபது கிலோமீட்டர் தாண்டியபோது முன்னால் இருந்தது ஹிஸ்கேவும் பௌக்யேவும்தான். தங்கையின் இடது ஸ்கேட்டில், ஷூவின் அடியில் இருக்கும் பிளேடு கழன்றது. அக்கா தன் இடது ஸ்கேட்டைக் கழற்றிக் கொடுத்து "போ" என்றாள். தங்கை ஜெயித்தாள். உடைந்த ஸ்கேட்டோடு அக்கா தடுமாறி விழ, அது கழன்று பனிக்கட்டியின் ஓட்டைக்குள் போய்விட்டது. இரண்டு மணி நேரம் வெறும் காலுறையோடு ஏரி நடுவில் உட்கார்ந்திருந்ததில் இரண்டு விரல்கள் போயின. ரேடியோவில் சொன்னார்கள், பத்திரிகையில் படம் வந்தது. பௌக்யே தேசிய அணியில் எட்டு வருஷம் ஓடினாள். ஹிஸ்கே பால்பண்ணையில் முப்பத்தொரு வருஷம் அந்தக் காலோடு நின்றபடி வெண்ணெய்ப் பொட்டலம் கட்டினாள்.

கதையில் ஒரே ஒரு பிழை உண்டு. பிளேடு கழலவில்லை.

பதினேழு வயது பௌக்யேவுக்குத் தொடைகள் செத்துப்போயிருந்தன. முன்னால் போன ஹிஸ்கேவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. இன்னும் ஒரு நிமிஷத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று தெரிந்தது. "அக்கா, பிளேடு ஆடுது" என்று வாயில் வந்துவிட்டது. நின்று குனிந்து பார்ப்பாள், அதற்குள் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ஹிஸ்கே பார்க்கவே இல்லை. உட்கார்ந்து தன் ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள். அப்போதே "இல்லக்கா, சும்மா சொன்னேன்" என்று சொல்லியிருக்கலாம். பத்து கிலோமீட்டரில் முடிவுக்கோடு இருந்தது. அவள் சொல்லவில்லை.

அதற்குப்பின் எந்தப் பந்தயத்திலும் அவளால் திரும்பிப் பார்க்காமல் ஓட முடிந்ததில்லை. யாருமே இல்லாத வெறும் ஏரியில்கூடத் திரும்பினாள். பயிற்சியாளர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பின்னால் ஒரு இடது கால் பனியைக் கீறுகிற சத்தம் கேட்கிறது என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? ஓட்டத்தை விட்டபிறகும் அது விடவில்லை. கடைவீதியில், வீட்டு மாடிப்படியில், புருஷன் பக்கத்தில் தூங்கும்போது. ஹிஸ்கேவுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த ஸ்கேட்டை அவள் பார்த்தாளா, அதற்கு முன்பே தண்ணீரில் போய்விட்டதா? அது ஒன்றுதான் பௌக்யேவுக்குத் தெரியவேண்டியிருந்தது.

போன வாரம் கேட்டே விடுவது என்று வந்தாள். "அக்கா, அன்னிக்கு ஏரியில..." என்று தொடங்கியதும் ஹிஸ்கே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஜன்னல சாத்துடி, குளிருது."

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

உடுத்தி முடித்து ஆன்ட்யே காபி போடப் போனபோது அவளுடைய அப்பா செர்க் உள்ளே வந்தார். வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்லிவிட்டு வந்த களைப்பு. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஹிஸ்கேவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சர்ச்ல என்ன பேசப்போற?"

"உள்ளதச் சொல்லப்போறேண்ணே."

"உள்ளதுன்னா?"

"என் ஸ்கேட்டுக்கு ஒண்ணும் ஆகல."

எத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"தெரியும்" என்றார் செர்க்.

பௌக்யே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தானே அங்க பந்தயப் பாதையில பனி கூட்டிக்கிட்டிருந்தேன். இவ உன் ஸ்கேட்டப் போட்டுக்கிட்டு நல்லாத்தான் வந்தா. நூறடி வந்ததும் நின்னா. குனிஞ்சு பிளேட ஆட்டிப் பாத்தா. அசையல. அப்படியே உக்காந்து கழட்டி எங்கிட்ட நீட்டினா. 'செர்க், இத அந்த ஓட்டைக்குள்ள போட்டுரு'ன்னா."

"ஏன்?"

"நானும் அதத்தான் கேட்டேன். பைத்தியமாடி உனக்குன்னேன். 'இதப் போட்டுக்கிட்டு நான் போய் நின்னா அவள என்ன சொல்லுவாங்க'ன்னா. போட்டுட்டேன். என் பூட்ஸக் குடுத்தேன், வாங்கல. 'உன் கால் போயிடும், நீ போய் வண்டி கொண்டா'ன்னா. மூடுபனி வந்துருச்சு பௌக்யே. இழுவண்டியோட திரும்பி வந்து இடத்தக் கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம். நான் பாதை தப்பாம இருந்திருந்தா விரல் இருந்திருக்கும்."

உள்ளே கப்புகள் தட்டில் இடிபடும் சத்தம் கேட்டது.

"ஏண்ணே இத்தன நாள் எங்கிட்ட சொல்லல?"

"நான் இருக்கற வரைக்கும் வாயத் திறக்காதன்னு சத்தியம் வாங்கிட்டா. இப்ப அவ இல்ல. அதான் சொல்றேன். நீ சர்ச்ல எந்திரிச்சு இதச் சொன்னேன்னு வை, அந்த ரெண்டு விரலும் சும்மா போனதா ஆயிடும்."

"சொல்லலன்னா எனக்குத் தூக்கமே வராதுண்ணே."

"அது உன் பாடு" என்று செர்க் எழுந்துகொண்டார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வார்த்தை அடக்கம் வரையிலான ஐந்து நாளும் அவளோடு வீட்டுக்குள் நடமாடியது. அக்காவுக்குத் தெரியும். அவ்வளவு வருஷ கிறிஸ்துமஸ் சாப்பாட்டிலும் எதிரில் உட்கார்ந்து உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டு, எல்லாம் தெரிந்து, "இன்னும் கொஞ்சம் வச்சுக்கடி" என்று சொன்னாள். பௌக்யேவுக்கு அவள்மேல் கோபம் வந்தது. திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருக்கலாம். இப்படிச் செய்துவிட்டுப் போனால் இருக்கிறவள் என்னதான் செய்வது?

சர்ச் நிறைந்திருந்தது. போதகர் தலையசைத்ததும் பௌக்யே எழுதிவைத்த தாளோடு எழுந்து போனாள்.

"ஹிஸ்கே என்னைவிட வேகமா ஓடுவா" என்றாள். "அன்னிக்கு ஜெயிச்சிருக்க வேண்டியது அவதான். நான் இல்ல."

பெஞ்சுகளில் ஒரு முனகல் ஓடியது. கைக்குட்டைகள் வெளியே வந்தன. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "எவ்ளோ பெரிய மனசு பாத்தியா இவங்களுக்கு" என்றது தெளிவாகக் கேட்டது.

அடுத்த வரி தாளில் இருந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. செர்க் நிமிர்ந்து பார்த்து வேண்டாம் என்று தலையாட்டியிருந்தால் அந்த வீம்புக்காவது சொல்லியிருப்பாள். அவர் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட மோசம், அந்த முனகல் அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு கணம்தான், ஆனால் பிடித்திருந்தது. தாளை மடித்துக்கொண்டு இறங்கி வந்து உட்கார்ந்தாள்.

சவப்பெட்டியை ஆறு பேர் தோளில் ஏற்றினார்கள். குழிக்குப் போகுமுன் சர்ச் கட்டிடத்தை மூன்று முறை சுற்றவேண்டும், அது ஊர் வழக்கம். சொந்தக்காரர்கள் பெட்டிக்குப் பின்னாலேயே நடப்பார்கள், ஊர் அதற்குப் பின்னால். யாரும் பேசமாட்டார்கள். சரளைக் கல்லில் செருப்புச் சத்தமும் மணியும் மட்டும்தான்.

முதல் சுற்றில் பௌக்யே எதையும் கவனிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் கோபுர மூலை திரும்பும்போது வடக்குக் காற்று சுழற்றியடித்தது. சுமப்பவர்களின் கோட்டுகள் படபடத்தன. ஓரத்தில் வந்த ஒருவரின் தொப்பி பறந்து கல்லறைகளுக்கு நடுவே உருண்டது. அவள் கழுத்துத் துணி மட்டும் அசையவில்லை. ஆறு ஆண்களும் அந்தப் பெட்டியும் காற்றை வாங்கிக்கொண்டார்கள். பனியில் ஓடுகிற யாருக்கும் இது தெரிந்த விஷயம்தான். பின்னால் போகிறவளுக்குக் காற்று கிடையாது. அன்றைக்கு எழுபது கிலோமீட்டரும் முன்னால் போனது ஹிஸ்கே.

மூன்றாவது சுற்றில் அந்த மூலை வந்ததும் பௌக்யே வரிசையை விட்டு வலதுபக்கம் ஓர் அடி விலகினாள். காற்று முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வந்தது.

"உள்ள வாங்கத்தை" என்று ஆன்ட்யே கிசுகிசுத்தாள். "காத்து அடிக்குது பாருங்க."

"அடிக்கட்டும்."

சுமை கனத்ததால் பெட்டி மெதுவாகத்தான் போனது. பௌக்யே அதன் பக்கவாட்டில், அதை முந்திவிடாதபடி நடையைக் குறைத்துக்கொண்டு, கடைசிவரை நடந்தாள்.