இடம் மாறிய சட்டி

ஆஸ்பத்திரி கேன்டீனில் மீன் பொரிக்க ஒரே ஓர் ஆள் போதுமாம். போய் நின்றதோ இரண்டு பேர், நானும் என் மச்சினனும். அவனை வரச் சொன்னது என் பெண்டாட்டி. "தம்பியும் பொழச்சுப் போகட்டுமே" என்றாள். நான் பிழைக்காவிட்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

ஆளுக்கு ஒரு சட்டி கொடுத்து, ஒரே டின்னிலிருந்து எண்ணெய் ஊற்றினார்கள். மேனேஜர் தின்று பார்த்து ஆளை எடுப்பாராம். புது எண்ணெயில் மீன் சிவக்காது. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுபோன, பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெயில் ஒரு கரண்டி யாரும் பார்க்காமல் என் சட்டியில் விட்டேன். மச்சினனுக்கு இது தெரியாது. நானா சொல்லித் தருவேன்?

மீனைக் கழுவிவிட்டுத் திரும்பினால், அவன் என் சட்டிமேல் குனிந்து நிற்கிறான்.

"என்னடா அங்க?"

"ஒண்ணுமில்ல மாமா, சும்மா."

சும்மா குனிகிறவனை நான் பார்த்ததில்லை. தண்ணீர் விட்டிருப்பான், சூடேறியதும் என் மூஞ்சியில் தெறிக்கட்டும் என்று. அவன் கை கழுவப் போன நேரத்தில் சட்டிகளை இடம் மாற்றி வைத்தேன். எண்ணெய் எதுவானால் என்ன, பொரிக்கிற கை என்னுடையதுதானே?

என் மீன் காய்ச்சலில் கிடந்தவன்போல வெளுத்து வந்தது. அவனுடையது பொன்னாகச் சிவந்தது. ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை.

"பெரியவரே, வயசாயிடுச்சு. வீட்ல இருங்க" என்றார் மேனேஜர்.

சட்டி மாறிய கதையைச் சொல்ல முடியுமா? மாற்றியவன் நானாயிற்றே.

வெளியே வந்ததும் மச்சினன் சொன்னான்: "உங்க சட்டியில ஈ விழுந்துச்சு மாமா. எடுத்துப் போட்டேன். சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல."

ஈயாம்! இன்றுவரை நான் நம்பவில்லை.

மறுநாள் மாலை வீட்டுக்கு ஓடி வந்தான். "இன்னிக்கு ஒரு துண்டுகூடச் சிவக்கல மாமா. நாளைக்கும் இப்படின்னா வராதேங்கறாரு. என்ன செய்ய?"

"கை உன்னோடது. என்னைக் கேட்டா?"

"வாயத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்றாள் பெண்டாட்டி. நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். எப்படியும் நாளை மறுநாள் அந்த அடுப்பு காலியாகும். என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

திரும்பி வந்து பார்த்தால் எண்ணெய் பாட்டிலைக் காணோம்.

"தம்பிகிட்ட குடுத்தேன். ஒரு கரண்டி விடுன்னும் சொன்னேன்" என்றாள். "ஏன் முழிக்கறீங்க? இத்தனை வருஷமா அத வடிகட்டி எடுத்து வச்சது யாரு?"

உலகத்தில் நான் சந்தேகப்படாத ஆள் அவள் ஒருத்திதான்.